அத்தியாயம் 6: முதலில் போர்டு, பிறகு பிராசசர்

தங்கச்சிமடத்தில் கடற்கரைக்கு இறங்கும் தெரு ஒன்றில், வேகம் குறைந்துபோன கணினியைப் பார்க்க அழைத்திருந்தார்கள். பக்கவாட்டுத் தகடு எளிதில் கழலவில்லை. ஸ்குரூக்கள் துருவேறி இறுகியிருந்தன. ஒருவழியாகத் திறந்தபோது, லேன் துளையைச் சுற்றியிருந்த தகரம் வெளிறிப் பொடி பூத்திருந்தது. ஆடியோ துளைகளில் பச்சைப் பாசி போலக் களிம்பு. போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு செப்புத் தடங்கள் கருத்து அறுந்திருந்தன. வாங்கி நாலு வருஷம்கூட ஆகவில்லை. பிராசசரை மட்டும் எடுத்து ராமநாதபுரத்தில் வேறொரு போர்டில் மாட்டினேன். முதல் தடவையே ஓடியது.

பிராசசர் பிழைத்துக்கொள்கிறது, போர்டு சாகிறது. இந்தத் தீவில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பொதுவாகச் சொல்லப்படும் முறை வேறு: பிராசசரைத் தேர்ந்தெடு, மிச்சமிருக்கும் பணத்துக்கு ஒரு போர்டு வாங்கு. கோயம்புத்தூரிலோ சேலத்திலோ அது சரியாக இருக்கலாம். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் குடியிருக்கும் நாம் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் போர்டு, அதோடு கரண்டும் எர்த்தும். கடைசியில்தான் பிராசசர்.

பாம்பன் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுக்கத் துருவோடுதான் போராட்டம். தூக்குப் பகுதி அரித்துப் பலவீனமானதால் 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள், பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அதே காற்றைத்தான் உங்கள் கேபினெட் ஃபேனும் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது.

மாற்றத்தான் வேண்டுமா?

கடைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள்.

2. கணினி திணறும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, சி.பி.யூ. 20, 30 சதவீதத்தில் இருந்தால் குறை ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். இந்த அத்தியாயத்தை மூடிவிடலாம்.

3. மெமரி எப்போதும் 85, 90 சதவீதத்தில் இருந்தால் முதலில் ராம் சேர்த்துப் பாருங்கள்.

4. சி.பி.யூ.தான் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால், பெட்டியைத் திறந்து ஹீட்சிங்கைப் பாருங்கள். நம் ஊர்த் தூசியில் உப்பு கலந்திருப்பதால் அது ஈரம் பிடித்துக் களிபோல ஒட்டும். அதைச் சுத்தம் செய்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பாதி வேகம் திரும்பிய பெட்டிகள் உண்டு.

5. இத்தனைக்குப் பிறகும் திணறினால் பிராசசரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். 'ஐ5-3470' என்றால் மூன்றாம் ஜெனரேஷன். 'ஐ3-10100' என்றால் பத்தாவது. கோட்டுக்குப் பின் வரும் எண்ணின் முன்பகுதிதான் ஜெனரேஷன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட இன்டெல் என்றால் எட்டாம் ஜெனரேஷன் முதல், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையில் பெரும்பாலானவையும் அதற்குப் பின் வந்தவையும் வேண்டும். போர்டில் டி.பி.எம். 2.0 வசதியும் இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் வங்கிக் கணக்கு, ஆதார் நகல், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இருக்கிறதென்றால், மூன்றாம் நான்காம் ஜெனரேஷனோடு இன்னும் சில வருஷம் ஓட்டலாம் என்று எண்ணாதீர்கள்.

எது மாறும், எது நிற்கும்

மூன்றாம், நான்காம் ஜெனரேஷனிலிருந்து மாறினால் போர்டு, பிராசசர், ராம் மூன்றும் சேர்ந்தே மாறும். பழைய டி.டி.ஆர்.3 ராம் எந்தப் புது போர்டிலும் உட்காராது. கேபினெட், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மானிட்டர் நிற்கும். எஸ்.எம்.பி.எஸ். நிற்குமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

மானிட்டரில் பலர் தவறுகிறார்கள். பழைய மானிட்டருக்கு வி.ஜி.ஏ. வயர் மட்டும் இருக்கும். போர்டில் அந்தத் துளை இல்லையென்றால் வீட்டுக்கு வந்தபின் மாற்றி வாங்க மறுபடி பஸ் ஏற வேண்டும். விலை குறைந்த எச்610, ஏ520 போர்டுகள் பலவற்றில் வி.ஜி.ஏ. இன்னும் இருக்கிறது. மானிட்டரின் பின்பக்கத்தை இப்போதே போனில் படம் எடுத்து வையுங்கள்.

போர்டைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

முதலில் சாக்கெட். பிராசசர் உட்காரும் இடம் அது. சாக்கெட் பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் பொருந்தாது. இன்று வீட்டுக்கு வாங்கக்கூடியவை நான்கு:

எல்.ஜி.ஏ. 1700: இன்டெல் 12, 13, 14-ஆம் ஜெனரேஷன்கள் இதில் வரும். போர்டுகள் எச்610, பி660, பி760. இதே சிப்செட்டில் டி.டி.ஆர்.4 ராமுக்கு ஒரு போர்டும், டி.டி.ஆர்.5-க்கு வேறொரு போர்டும் கிடைக்கும். வெட்டு இடம் மாறுவதால் ஒன்றுக்கானது மற்றதில் போகாது.

ஏ.எம். 4: ரைசன் 5000 வரிசை வரை. ஏ520, பி550 போர்டுகள். டி.டி.ஆர்.4 மட்டும்.

ஏ.எம். 5: ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள். ஏ620, பி650 போர்டுகள். டி.டி.ஆர்.5 மட்டும்.

எல்.ஜி.ஏ. 1851: இன்டெல் கோர் அல்ட்ரா 200 வரிசை. டி.டி.ஆர்.5 மட்டும். வீட்டுக் கணக்கு வழக்குக்கும் படிப்புக்கும் இது அவசியமில்லை என்பது என் எண்ணம்.

எதை எடுப்பது? உங்களிடம் ஏற்கெனவே டி.டி.ஆர்.4 ராம் இருந்தால் தயங்காமல் எல்.ஜி.ஏ. 1700-இன் டி.டி.ஆர்.4 போர்டையோ ஏ.எம். 4-ஐயோ எடுங்கள். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. கையில் இருக்கும் ராமைக் காப்பாற்றுவது பெரிய சேமிப்பு. எல்லாமே புதிதாக வாங்கப்போகிறீர்கள், ஐந்து வருஷம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும் என்றால் ஏ.எம். 5. அதை 2027-க்குப் பிறகும் தொடர்வதாக ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. ஆனால் அந்த ஐந்து வருஷமும் போர்டு இந்தக் காற்றில் உயிரோடு இருக்க வேண்டும். ஏ.எம். 5 எடுப்பவர் கீழே சொல்லும் எர்த், இட வசதி எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு வரும் பிராசசருக்காக இன்று கொடுத்த பணம் துருவோடு போய்விடும்.

சாக்கெட் முடிவானதும் போர்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

• பிராசசர் சாக்கெட்டை ஒட்டி நிற்கும் சின்னச் சதுரக் கட்டிகள் பிராசசருக்குக் கரண்டைச் சீராக்கித் தருபவை. அவற்றின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய போர்டு குறைந்த சூட்டில் ஓடும். சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். ஃபேன் மெதுவானால் உப்புக்காற்று குறைவாக உள்ளே வரும்.

• பின்பக்கத் துளைகளைச் சுற்றியிருக்கும் தகரம். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். ஏசஸ் தன் போர்டுகள் சிலவற்றில் இந்தப் பட்டையைத் துருப்பிடிக்காத எஃகில் செய்கிறது. வேறு நிறுவனங்கள் ஈரத்தைத் தாங்கும் கண்ணாடி இழைப் பலகை என்று விளம்பரம் செய்கின்றன. இவை உதவும். ஈரத்தைத் தாங்குவதும் உப்பைத் தாங்குவதும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடலோரத்துக்கென்றே செய்த வீட்டுப் போர்டு எதையும் நான் கடையில் கண்டதில்லை.

• ராம் துளை குறைந்தது இரண்டு, எம்.2 எஸ்.எஸ்.டி. துளை ஒன்றாவது.

• அளவு. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு பெரும்பாலான பழைய கேபினெட்டுகளில் உட்காரும். பெரிய ஏ.டி.எக்ஸ். போர்டை ஆசைப்பட்டு எடுத்துவிட்டுக் கேபினெட்டும் வாங்க நேர்ந்தவர்கள் உண்டு.

• பயாஸ். இதுதான் ஊருக்குத் திரும்பியபின் கண்ணீர் வரவைப்பது. எச்610, பி660 போர்டு 12-ஆம் ஜெனரேஷன் காலத்தில் பெட்டியில் அடைத்ததாக இருந்தால், 13, 14-ஆம் ஜெனரேஷன் பிராசசரை அது அடையாளம் காணாது. ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. கடையிலேயே பயாஸை அப்டேட் செய்து, திரை வருவதைக் காட்டச் சொல்லுங்கள். ராமநாதபுரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், மதுரை 160-க்கும் மேல். அங்கேயே அரைமணி காத்திருப்பது லாபம்.

எச்சரிக்கை: பழைய ஐ5 மூன்றாம் ஜெனரேஷன் பிராசசருக்கு 'புது போர்டு' என்று பெயர் தெரியாத கம்பெனியின் எச்61 போர்டுகள் சல்லிசாக விற்பனைக்கு வருகின்றன. வாங்க வேண்டாம். பழைய சிப்களைப் பிரித்தெடுத்துச் செய்தவை அவற்றில் கலந்திருக்கும். விண்டோஸ் 11-க்கும் அது வழி இல்லை.

பழைய போர்டு வாங்குவதாக இருந்தால், அது எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். ஸ்குரூ ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுங்கள். துடைத்துவிட்டால் போய்விடும் என்பார்கள். கண்ணுக்குத் தெரிவது மேல்பக்கம். சிப்களுக்கு அடியில் இருப்பது தெரியாது.

பிராசசர்: ஒரு படி கீழே நில்லுங்கள்

வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மகள் டேலி பழகுகிறாள், மகன் நீட் வகுப்பை வீடியோவில் பார்க்கிறான், அப்பா மல்லிகை நாற்றுப் பண்ணையின் ஆர்டர்களை எக்செல்லில் போடுகிறார். இத்தனைக்கும் ஐ3-12100 போதும். நான்கு கோர், அடிப்படை மின்செலவு 60 வாட். கல்யாண வீடியோ எடிட்டிங், புரோகிராமிங், ஆட்டோகேட் என்றால் ஐ5-12400 எடுக்கலாம். ஆறு கோர். அடிப்படை 65 வாட்தான், முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஏ.எம். 4 எடுத்தவர்களுக்கு ரைசன் 5 5600ஜி. அதுவும் ஆறு கோர், 65 வாட்.

ஐ7 கேட்டு வருபவர்களிடம் நான் ஒன்றே சொல்வேன்: அந்த வித்தியாசப் பணத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்., எர்த் மூன்றுக்கும் போடுங்கள். ஐ7-க்கும் ஐ5-க்கும் உள்ள வேக வித்தியாசம் டேலியில் தெரியாது. எர்த் இல்லாத வீட்டுக்கும் எர்த் உள்ள வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாம் வருஷத்தில் தெரியும்.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்.

• இன்டெல்லில் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. 12400-ஐவிட 12400எஃப் விலை குறைவாக இருப்பது அதனால்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் மாட்டினால் திரை இருட்டாகவே இருக்கும்.

• ரைசன் 5 5600-க்கும் கிராஃபிக்ஸ் இல்லை. 5600ஜி-க்கு உண்டு. ஒரே எழுத்து வித்தியாசம். பில்லில் சரிபாருங்கள்.

• 'கே' என்று முடிவதில் கூலர் வராது, சூடும் அதிகம். நமக்கு வேண்டாம்.

'டிரே பிராசசர்' என்று பெட்டி இல்லாமல் வருவதில் கூலரும் இராது, கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டியும் நேரடியாகக் கிடைக்காது. பெட்டியோடு, சீல் பிரியாமல் வாங்குங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் ஜெனரேஷனின் அதிவேக மாடல்கள் சிலவற்றில், வோல்டேஜ் அளவுக்கு மீறிப் போய்ப் பிராசசரே கெடும் குறை 2024-இல் வெளிவந்தது. திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. அந்த வரிசையில் வாங்கினால் பயாஸ் தேதி 2024 செப்டம்பருக்குப் பிந்தியதா என்று பாருங்கள். 12-ஆம் ஜெனரேஷனுக்கு இந்தக் கவலை இல்லை.

எர்த்: இந்த அத்தியாயத்தில் இதை மட்டும் படித்தாலும் போதும்

கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்று கரண்ட் அடிக்கிறது என்று நம் பக்கத்தில் சொல்லாத வீடு குறைவு. எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றுவார்கள். புதிதிலும் அடிக்கும்.

காரணம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே வரும் கரண்டைச் சுத்தம் செய்ய லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடல் தகட்டுக்குச் சின்ன மின்தேக்கிகள் போட்டிருப்பார்கள். கசியும் கொஞ்சக் கரண்டு எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் வேலை செய்யாவிட்டால் தகடு 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் நிற்கும். ஆளைக் கொல்லும் அளவு கரண்டு இதில் வராது. ஆனால் பென்டிரைவ், பிரின்டர், லேன் வயர் செருகும் ஒவ்வொரு முறையும் அந்த வோல்டேஜ் போர்டின் துளை வழியே பாயும். யு.எஸ்.பி. துளைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுவே.

நம் மண் மணல். மழைக்காலத்தில் ஈரம் இருக்கும், கோடையில் மேல்மணல் காய்ந்து எர்த் விட்டுப்போகும். ஜி.ஐ. குழாயை உப்பு மண் தின்றுவிடும்.

1. எலக்ட்ரீஷியனை அழைத்து, பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய முழு வோல்டேஜும் வர வேண்டும். இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள்.

2. எர்த் குழி பழையதென்றால் செப்புக் கம்பி போட்டு ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிட்டு இரண்டு துளைப் பலகையில் செருகும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

4. எஸ்.எம்.பி.எஸ். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனதென்றால் போர்டோடு சேர்த்து மாற்றுங்கள். '80 பிளஸ்' முத்திரை உள்ள, பேர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் போதும். கேபினெட்டோடு இலவசமாக வந்ததைப் புது போர்டுக்கு நம்ப வேண்டாம்.

ஆபத்து: எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கியபின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லக்கூடியது.

எப்போது வாங்குவது

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகை நம்பிய வீடுகளில் அந்த நாட்களில் கையில் காசு புரளாது. கல்லூரி திறக்குமுன் வேண்டுமென்று அவசரமாகக் கடனுக்கு வாங்கி, கடைக்காரர் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் மார்ச்சுக்குள் போர்டையும் பிராசசரையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றை இந்த மாதம், மற்றதை மூன்று மாதம் கழித்து என்று வாங்காதீர்கள். பிராசசர் வரும்போது போர்டின் திருப்பித் தரும் காலம் கடந்திருக்கும். போர்டு ஓடுகிறதா என்று சோதிக்காமலேயே பெட்டியில் கிடக்கும்.

பில்லில் போர்டு, பிராசசர் இரண்டின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துருவும் எரிந்த தடமும் வாரண்டியில் பெரும்பாலும் சேராது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

மாட்டும் நாளுக்கு முன்

போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பூட்டியிருந்தால் ரெக்கவரி சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். போர்டு மாறியதும் கணினி அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் டிஸ்கில் உள்ளது யாருக்கும் திரும்பக் கிடைக்காது. விண்டோஸை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். கணினியோடு வந்த ஓ.இ.எம். விண்டோஸ் என்றால் புது போர்டில் மறுபடி லைசென்ஸ் கேட்கும்.

மாட்டும் முறை

வெயில் உள்ள நாளில், நடுப்பகலில் செய்யுங்கள். வாடை மழை பிடித்த நாளில் பெட்டியைத் திறந்து போடாதீர்கள். ஏ.சி. கடையிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வீட்டில் வைத்திருங்கள். குளிர்ந்த போர்டில் நம் காற்று பட்டால் பனித்துளி போல நீர் கோக்கும்.

1. கையை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வியர்வையும் உப்புத்தான். தங்க நிறப் பகுதி எதையும் விரலால் தொடாதீர்கள்.

2. பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய கரண்டு வடியும்.

3. பழைய வயர்கள் எங்கெங்கே போகின்றன என்று போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

4. புது போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேலே மேசையில் வையுங்கள். கேபினெட்டில் இப்போதே மாட்ட வேண்டாம். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வேண்டாம்.

5. இன்டெல் என்றால் முட்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும். முடியைவிட மெல்லியவை. ஏ.எம். 4-இல் முட்கள் பிராசசரில். இரண்டிலும் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் உண்டு. சாக்கெட்டின் முக்கோணத்தோடு அதைப் பொருத்தி, பிராசசரை மேலிருந்து மெல்ல வையுங்கள். அழுத்தக் கூடாது. அதன் எடையிலேயே உட்கார வேண்டும். எல்.ஜி.ஏ. 1700-இன் நெம்பு இறுக்கமாக இருக்கும், மூடும்போது 'கரக்' என்று சத்தம் வரும். பயப்பட வேண்டாம். தெறித்து விழும் கறுப்பு மூடியை எறியாதீர்கள். வாரண்டிக்குப் போனால் அது மாட்டியிருக்க வேண்டும்.

6. ராமின் வெட்டையும் துளையின் மேட்டையும் பார்த்து, இரண்டு முனையையும் 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள்.

7. கூலரின் அடியில் பேஸ்ட் முன்பே தடவியிருந்தால் வேறு வேண்டாம். இல்லையென்றால் பட்டாணி அளவு. தனியாக வாங்கிய கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரியுங்கள். நான்கு மூலைகளையும் குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ஃபேன் வயரை 'சி.பி.யூ. ஃபேன்' என்று எழுதிய இடத்தில் செருகுங்கள்.

8. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 முள் பெரிய வயரும், பிராசசருக்கு அருகே 8 முள் அல்லது 4 முள் வயரும். இந்த இரண்டாவதை மறப்பதுதான் வீட்டில் மாட்டுபவர்கள் செய்யும் முதல் தவறு. ஃபேன் சுற்றும், திரை வராது. போர்டு கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவார்கள்.

9. மானிட்டரை மாட்டி, மேசையிலேயே ஓட்டிப் பாருங்கள். பயாஸ் திரை வந்தால் ராம் அளவு, பிராசசர் பெயர், சூடு மூன்றையும் பாருங்கள். சும்மா நிற்கும்போது 35 முதல் 50 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 80-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள், கூலர் சரியாக உட்காரவில்லை.

10. திரை வராவிட்டால்: 8 முள் வயர், பிறகு ராமைக் கழற்றி மாட்டுதல், பிறகு ஒரே ராமோடு ஓட்டுதல். இந்த வரிசை. ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

11. இனிக் கேபினெட். உள்ளே இருக்கும் பித்தளைக் குமிழ்களைப் போர்டின் ஓட்டைகளோடு ஒப்பிடுங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் இருந்தாலும் அது போர்டின் முதுகில் பட்டு ஷார்ட் ஆகும். அதைக் கழற்றுங்கள். பழைய துருப்பிடித்த ஸ்குரூவை மறுபடி போடாதீர்கள். துருத்தூள் போர்டில் உதிரும்.

மாட்டியபின் ஒரு வருஷம்

உப்பு தானாகக் கெடுதல் செய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது ஈரத்தை இழுத்துக் கரைசலாகிறது. அந்தக் கரைசல் செம்பை அரிக்கிறது. கரண்டும் சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். நம் தீவில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டும். அதனால், அணைத்து மூலையில் போட்ட கணினிதான் இங்கே சீக்கிரம் கெடும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். பரீட்சை முடிந்ததென்று இரண்டு மாதம் துணி போர்த்தி வைத்து, பிறகு ஓட்டியபோது செத்த போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலிதீன் உறை போட்டு மூடாதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். மெல்லிய பருத்தித் துணி போதும், அதுவும் ஓடாத நேரத்தில் மட்டும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது நமக்குப் புதிதில்லை. இடி மின்னலில் பிளக்கோடு லேன் வயரையும் பிடுங்குங்கள். அதை மறப்பதால் லேன் துளை எரிந்துபோகிறது.

ஈரத்துணி, மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் போர்டில் தொடவிடாதீர்கள். பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, தேவைப்பட்ட இடத்தில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு எடுக்கலாம். கணினி அணைந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. சிலர் போர்டு முழுக்க வார்னிஷ் ஸ்பிரே அடிக்கிறார்கள். தொழிற்சாலையில் துளைகளை மூடிவிட்டுச் செய்யும் வேலை அது. வீட்டில் அடித்தால் ராம் துளைக்குள்ளும் சாக்கெட்டுக்குள்ளும் போய்விடும், வாரண்டியும் போகும்.

முதல் மாதம் முடிந்ததும் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, லேன் துளையின் தகரத்தைப் போனில் படம் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். நிறம் மங்கத் தொடங்கினால் கணினியை அறையின் வேறு பக்கத்துக்கு மாற்ற அது போதுமான அறிகுறி. கடை பில்லையும் வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெர்மல் தாளில் அடித்த எழுத்து நம் ஊர் வெக்கையில் ஒரு வருஷத்தில் அழிந்துவிடும், வாரண்டியோ மூன்று வருஷம்.